பொற்கொடி வெட்டிய அஞ்சு துண்டு

கணபதிப் பகுதியில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனி ஒன்றில் பொற்கொடி கட்டிங் மாஸ்டர். அந்த வேலைக்கு ஆம்பளைதான் லாயக்கு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் இப்போது அவளுக்குத் துணி விரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் கொஞ்சம் நீளம். மனசு அப்படியொன்றும் மோசமில்லை. ஆனால் ஒரு சாண் துணி வீணாகப் போனால் அன்றைக்கு முழுக்க வயிறு எரியும். முதுகு, கை, காலர், பாக்கெட் என்று அட்டைகளை இப்படி வைத்து அப்படித் திருப்பி அவள் வெட்டி முடித்தபிறகு மேசைக்கடியில் பொறுக்கிப் பார்த்தால் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது.

கம்பெனியோடு நிற்கிற குணமா அது? அக்கம்பக்கத்தில் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுகிற பிள்ளை ஒப்புக்கு ஒரு கீறு போடும், அப்புறம் கத்தி பொற்கொடி கைக்கு வந்துவிடும். எத்தனை பேர் வந்தாலும் அளவு பிசகாமல் துண்டு போடுவாள். போட்டுவிட்டு, "ஆருக்காச்சும் கம்மியா வந்துச்சுன்னா சொல்லிப்போடுங்க" என்று கத்தியோடு நிற்பாள். கத்தியோடு நிற்கிறவளிடம் எவன் சொல்லுவான்!

புருஷன் வேலன் அவளுக்கு நேர் எதிர். அவசரம் என்ற சொல்லை அவன் யாருக்கோ கடன் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமலே விட்டுவிட்டான். இரண்டு பேருமே அன்னூர்ப் பக்கம் தோட்டங்காட்டு வேலைக்குப் போன குடும்பம். டவுனுக்கு வந்தபிறகு இவள் கத்தரியைப் பிடித்தாள், அவன் தேய்ப்புப் பெட்டியைப் பிடித்தான். நேத்ரா நகர் திருப்பத்தில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் வேலனின் தேய்ப்பு வண்டி. பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய். மெயின் ரோட்டில் வண்டி போட்டால் விரட்டுவார்கள், அடுத்த நகர்களில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. அந்த மரத்தடி போனால் வேலனுக்குப் பிழைப்பு போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

நேத்ரா நகரில் மொத்தம் ஐம்பத்தைந்து வீடு. அதில் பத்தாம் நம்பரில் இவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். சொந்த வீடோ வாடகை வீடோ, வீட்டுக்கு ஒரு ஓட்டு என்பது நகர்ச் சங்கத்தின் சட்டம்.

சங்கத்தின் செயலாளர் ஒன்றாம் நம்பர் சசிதர். கம்ப்யூட்டர் வேலை. வீட்டில் இரண்டு கார், நிறுத்துகிற இடமோ ஒன்றுக்குத்தான். இன்னொன்று தெருவில் நின்று புங்கம்பூவையும் காக்கை எச்சத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. இதே கஷ்டத்தில் இன்னும் பதினேழு வீடு இருந்தது. அந்தத் திருப்பத்தை மட்டும் மட்டம் பண்ணி ஷீட் போட்டுவிட்டால் எல்லாருடைய இரண்டாவது காரும் வரிசையாக நிற்கும். நடுவில் வேலனின் வண்டி.

கை தூக்கச் சொன்னால் தோற்றுப்போவோம் என்று சசிதருக்குத் தெரியும். மற்ற முப்பத்தேழு வீடும் வேலன் பக்கம். ஏன், சசிதரின் சட்டையே வேலனிடம்தான் போய் வருகிறது. அதில் விழுகிற மடிப்பை வைத்துக் கேரட் நறுக்கலாம். ஆகையால் சசிதர் பொதுக்கூட்டத்தில் எழுந்து வேறு மாதிரிப் பேசினான்.

"எல்லாரும் கூடிக் கத்தறதுல ஒண்ணும் நடக்கறதில்லைங்க. நகரை அஞ்சு ஜோனாப் பிரிச்சுக்கலாம். ஜோனுக்கு ஒரு பிரதிநிதி. அஞ்சு பேரும் உக்காந்து முடிவு பண்ணட்டும். சட்டசபை மாதிரி."

கூட்டம் முடிந்தால் பேக்கரி பப்ஸும் டீயும் உண்டு. பப்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. சனம் பலமாகக் கை தட்டிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரின் லே-அவுட் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு சசிதர் பத்தாம் நம்பர் கதவைத் தட்டினான். அதில் பதினெட்டு வீட்டுக்கு மஞ்சள் அடித்திருந்தது.

"மாஸ்டரக்கா, ஒரு வாரமாக் கம்ப்யூட்டர்ல கோடு போட்டுப் பாக்கறனுங்க. சிக்கலாயிருது. உங்களாலதான் முடியும்."

உங்களாலதான் முடியும்! பொற்கொடியிடம் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை அதுதான். புகழ்ச்சியில் மயங்கிக் கவிழ்ந்த மகாராஜாக்களே உண்டு, இவள் எம்மாத்திரம்? மேசையைத் துடைத்தாள்.

"அளவு சொல்லுங்க."

"அஞ்சு துண்டுங்க. துண்டுக்குப் பதினொரு வீடு. ஒட்டுப்போடாம ஒவ்வொண்ணும் ஒரே பீஸா இருக்கோணும். மூணு துண்டுல மஞ்ச வீடு ஆறாறு வரோணும். மீதி ரெண்டுல மஞ்சளே வேண்டாம்."

"மஞ்ச வீடுன்னா ஆருங்க?"

"ரெண்டு காரு இருக்கறவிய. மொத்தமே பதினெட்டு வீடு. சின்னக் கூட்டம். அவிய பேச்சையும் நாலு பேரு கேக்கோணுமில்லைங்களா?"

பொற்கொடிக்குப் பாவமாகப் போய்விட்டது. ரெண்டு காரு இருந்தும் பேச்சைக் கேட்க ஆளில்லையே என்று பரிதாபப்பட்டாள், பைத்தியக்காரி.

"ஆறுக்கு மேல ஒண்ணு வந்தாத் தப்புங்களா?"

"ஒண்ணுகூட வேண்டாமுங்க. எச்சா வந்தா வேஸ்ட்."

வேஸ்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. காரியத்தில் இறங்கிவிட்டாள். சாப்பாட்டுக்கு வந்த வேலன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க சாரு, மேப்பு இப்படிக் கசங்கிக் கெடக்குதுங்களே" என்று எடுத்துக்கொண்டு போய், மேலே ஒரு வேட்டித்துணியைப் போட்டு, இளஞ்சூட்டில் பெட்டியை ஓட்டி, அப்பளம் மாதிரி ஆக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். சசிதர் அவனுக்கும் நன்றி சொன்னான்.

முதல் இரண்டு துண்டும் சுலபமாக வந்துவிட்டது. தன் பத்தாம் நம்பரை முதல் துண்டிலேயே போட்டுக்கொண்டாள். மூன்றாவதுதான் பெண்டு நிமிர்த்தியது. டியூஷன் எடுக்கிற சித்திகா டீச்சர் வீட்டில் ஆரம்பித்து, பால் பூத்தைச் சுற்றி, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் புகுந்து, சாக்கடையைத் தாண்டி ஒரே ஒரு மஞ்சள் வீட்டை வளைத்துக்கொண்டு திரும்பியது. சின்னப்பையன் டவுசரின் ஒரு காலைத் தனியாகப் பிய்த்து வைத்த மாதிரி இருந்தது. நான்காவது, ஐந்தாவதும் அப்படித்தான், ஒன்று காலர், ஒன்று கிழிந்த பாக்கெட். ஆனால் கணக்கு அச்சுப் பிசகவில்லை. ஒரு மஞ்சள்கூடச் சிந்தவில்லை. பொற்கொடி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து, சித்த நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷம்.

தேர்தல் வந்தது. திருப்பத்தில் கார் நிறுத்துமிடமா, வேலனின் வண்டியா என்பதுதான் கேள்வி என்று அப்போதுதான் வெளியே வந்தது. ஜோனுக்கு ஜோன் பார்க்கிங் கட்சியில் ஒரு ஆள், வண்டிக் கட்சியில் ஒரு ஆள். வேலன் துணி கொடுக்கப் போகிற வீடெல்லாம் "உனக்குத்தாம்பா" என்றது. சொன்ன மாதிரியே போடவும் செய்தார்கள். ஓட்டு எண்ணுமுன்பே வேலன் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டான். சசிதரும் ஒரு டீ குடித்தான்.

"ஒண்ணாவது ஜோன், பதினொண்ணும் வண்டிக்கு. ரெண்டாவது ஜோன், பதினொண்ணும் வண்டிக்கு," என்று சசிதர் வாசித்தான். வேலன் கை தட்டினான். "மூணாவது ஜோன், பார்க்கிங் ஆறு, வண்டி அஞ்சு. நாலாவது, ஆறு, அஞ்சு. அஞ்சாவது, ஆறு, அஞ்சு. ஆக, பார்க்கிங் மூணு சீட்டு, வண்டி ரெண்டு சீட்டு."

வேலன் அதற்கும் கொஞ்ச நேரம் கை தட்டிக்கொண்டிருந்தான். அப்புறம்தான் மற்றவர்கள் தட்டவில்லை என்று பார்த்தான்.

"ஏனுங்க சாரு, எனக்கு முப்பத்தேழு பேரு போட்டிருக்கறாங்க. உங்குளுக்குப் பதினெட்டு. அப்புறம் நான் எப்படிங்க தோத்தேன்?"

"ஓட்டு எத்தனைங்கறது வேறைங்க வேலன். சீட்டு எத்தனைங்கறது வேறை."

அங்கேயே ஐந்து பிரதிநிதிகளும் உட்கார்ந்தார்கள். மூன்றுக்கு இரண்டு. தை மாசம் முடிந்ததும் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அங்கேயே கையெழுத்தும் போட்டாயிற்று. போகிறபோது சசிதர், "நாளைக்கு மூணு சட்டை வேணுமுங்க, மீட்டிங் இருக்குது" என்றான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மறுநாள் அறிவிப்புப் பலகையில் வரைபடம் ஒட்டியிருந்தது. மூன்றாவது ஜோனில் வண்டிக் கட்சிக்கு நின்று ஒரே ஓட்டில் பிரவின்குமாரிடம் தோற்ற சித்திகா டீச்சர் அதன் முன்னால் நின்று கொதித்துக்கொண்டிருந்தாள். பொற்கொடியைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க பாருங்க பொற்கொடி. ஜெயிக்கறதுக்கு ஆறு ஓட்டுப் போதும். நம்ம ஆளுங்களை முதல் ரெண்டு ஜோன்ல பதினொண்ணு பதினொண்ணா அடைச்சுட்டாங்க. அஞ்சும் அஞ்சும் பத்து ஓட்டு சும்மா அழுகிப்போச்சு. மீதி மூணுலயும் நமக்கு அஞ்சஞ்சு. அதுல பதினஞ்சு வீணு. அவங்களுக்கு ஒண்ணுகூட வீணாகலை. இதை வெட்டுனவன் எவனோ பெரிய கேடிங்க!"

பொற்கொடி வரைபடத்தைப் பார்த்தாள். பால் பூத்தைச் சுற்றிப் போகிற டவுசர்க் கால். அவள் போட்ட கோடுதான். யாருக்காக வெட்டினோம் என்று கேட்காமல், அளவை மட்டும் கேட்டு வெட்டிய கோடு. "ஆமாங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்கு நடந்தாள். அன்றைக்குக் கம்பெனியில் முழங்கை நீளத்துக்குத் துணி வீணாயிற்று. அவளுக்கு வயிறு எரியவே இல்லை.

சாயங்காலம் வேலன் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டாள். "அந்த மேப்பை நாந்தான் வெட்டுனேன் மாமா. உங்க வண்டியை நானே எடுத்துப்போட்டேன்."

வேலன் கையில் இருந்த சோற்றை வாயில் போட்டு மென்று விழுங்கினான். எதையும் மென்றுவிட்டுத்தான் பேசுவான்.

"அதைத் தேச்சுக் குடுத்தது நாந்தானே."

இன்னொரு கவளம் எடுத்தான்.

"கசங்கல் இல்லாம நல்லாப் படிஞ்சுதா?"

"நல்லாத்தான் படிஞ்சுது," என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டாள். அவன் வார்த்தை ஒன்று கடுமையாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பாள். அவன் ரசம் கேட்டான்.

அழுது முடித்ததும் அவளுக்கு ஆங்காரம் வந்தது. ஒன்றாம் நம்பருக்குப் போய்க் கேட்டை ஆட்டி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சசிதரைக் கேள்வி கேட்டாள். அவன் பணிவாகவே பதில் சொன்னான். "ஒரு வருசத்துக்கு ஜோனை மாத்தக்கூடாதுன்னு விதி இருக்குதுங்க. அப்புறம் மாஸ்டரக்கா, வெட்டுனது நீங்கதானுங்களே?" அதற்குமேல் அவளால் கேட்டைத்தான் ஆட்ட முடிந்தது.

மார்கழியில் சித்திகா டீச்சர் மூச்சிரைக்க ஓடிவந்தாள். பிரவின்குமாருக்குப் புனேவுக்கு மாற்றலாம். வீட்டைக் காலி பண்ணுகிறாராம். மூன்றாவது ஜோனுக்கு மறுபடி தேர்தல்.

பொற்கொடி பலகைக்கு ஓடினாள். டவுசர்க் காலை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது. எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கென்று அரை இஞ்சு விட்டுத்தான் வெட்டுவாள். கம்பெனியில் சேருகிற முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. காகிதத்தை யார் தைக்கப் போகிறார்கள் என்று, இதில் ஒரு நூல்கூட விடாமல் ஒட்ட வெட்டியிருந்தாள். ஆறுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்று அவனும் சொன்னான், அவளும் அப்படியே கேட்டாள். ஒரு வீடு கழன்றதும் அஞ்சுக்கு அஞ்சு. பிரவின்குமார் வீட்டுக்கு யார் வருகிறார்களோ அவர்கள் கையில்தான் புங்கமரம்.

வந்தது ஹிபாவும் ஆரிஃபும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத ஜோடி, கோட்டைமேட்டிலிருந்து குடி வந்தார்கள். காரே கிடையாது, ஒரு ஸ்கூட்டர்தான். சசிதருக்கு அதில் வருத்தம். ஆரிஃப் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவன், அவன் போடுவதெல்லாம் கசங்கினாலும் தெரியாத பனியன் சட்டை. வேலனுக்கு அதில் வருத்தம். துணி கொடுக்கிற சாக்கில் தினமும் அந்த வீட்டுப் பக்கம் போய், கொடியில் காலர் வைத்த சட்டை ஒன்றாவது காய்கிறதா என்று பார்த்துவிட்டு வருவான். "இன்னைக்கும் இல்லை கண்ணு" என்று வந்து உட்காருவான்.

சசிதர் மைசூர்பாகு கொண்டுபோனான். கார் நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டருக்கும் ஒரு மூலை உண்டு என்றான். மறுநாள் மறுபடி போய், மேலே ஷீட்டும் உண்டு என்றான். சித்திகா டீச்சர் பிறக்கப்போகிற பிள்ளைக்கு இப்போதே டியூஷன் சொல்லித்தருவதாகச் சொல்லி, அந்தப் பெண் வெட்கப்பட்டு ஓடும்படி ஆக்கிவிட்டாள். கடைசியில் பொற்கொடி போனாள். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை.

"நீங்களும் ஓட்டுக் கேக்கத்தானக்கா வந்தீங்க?" என்றாள் ஹிபா. "எனக்கு ஒண்ணும் புரியலைக்கா. எதுத்த வீட்டுக்காரங்க வேற ஜோனாம். பால் பூத்துக்கு அக்கட்டால இருக்கறவங்க என்ற ஜோனாம். இதை எவன் பிரிச்சான்?"

"நாந்தானுங்க அம்மணி."

பொற்கொடி எதையும் மறைக்கவில்லை. மஞ்சள் வீடு, மேப்பைத் தேய்த்துக் கொடுத்தது, முப்பத்தேழு ஓட்டுக்கு ரெண்டு சீட்டு, பதினெட்டு ஓட்டுக்கு மூணு சீட்டு, எல்லாவற்றையும் கொட்டினாள். "எனக்குப் போடுங்கன்னு கேக்க வரலைங்க. வெட்டுனது தப்பு. அதைச் சொல்லிப்போட்டுப் போலாமுன்னுதான் வந்தேன்," என்று எழுந்தாள். பொய். கேட்கத்தான் வந்தாள். வாய் வரவில்லை.

ஹிபா வாசல்வரை வந்தாள். "நான் இந்த நகருக்கு வந்து இன்னும் பால் கார்டே வாங்கலைக்கா. பதினஞ்சு வருசமா இருக்கறவங்க ஓட்டெல்லாம் குப்பைக்குப் போயி, என்ற ஒரு ஓட்டு மட்டும் தங்கமாக்கும்? எனக்கே அசிங்கமா இருக்குது." யாருக்குப் போடுவேன் என்று மட்டும் சொல்லவில்லை.

வண்டி ஆறு, பார்க்கிங் அஞ்சு. சித்திகா டீச்சர் ஜெயித்தாள். மூன்றுக்கு இரண்டில் தீர்மானம் ரத்து, வண்டி மரத்தடியிலேயே நின்றது. வேலன் சந்தோஷம் தாங்காமல் ஆரிஃபின் பனியன் சட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, நட்டநடுவில் கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்துக் கொடுத்தான். அந்தப் பையன் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவான், பாவம்.

வருஷம் திரும்பியது. பொதுக்கூட்டத்தில் முதலில் எழுந்தது யார் என்கிறீர்கள்? சசிதர்தான்! "ஒரே ஒரு வீடு மொத்த நகருக்கும் முடிவு பண்ணுது. இது என்னங்க நியாயம்? இந்த ஜோன் பிரிச்சதே அநியாயமுங்க!" என்று மேசையைக் குத்தினான். திருப்பி வெட்டலாம் என்று எல்லாருமே சொன்னார்கள். எல்லாத் தலையும் பொற்கொடி பக்கம் திரும்பியது.

அன்று மத்தியானம் வேலன் புது வரைபடத்தைத் தானே தேய்த்து மேசையில் விரித்து வைத்தான். சாக்பீஸையும் எடுத்து வைத்தான்.

"ஏங்கண்ணு, அஞ்சு சீட்டும் நமக்கே வர்ற மாதிரி வெட்ட முடியுமா?"

பொற்கொடி பார்த்தாள். கண்ணுக்குள் கோடு தானாக ஓடியது. துண்டுக்கு ஏழு, எட்டு என்று வண்டி வீடுகளைச் சமமாகப் பரப்பிவிட்டால் தீர்ந்தது. ஐந்தும் வரும். இந்தத் தடவை தையலுக்கும் இடம் இருக்கும், எவன் காலி பண்ணிப் போனாலும் பிரியாது. வண்டியை யாரும் தொட முடியாது. கை அரித்தது அவளுக்கு. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள்.

"உன்னாலதான் முடியும்," என்றான் வேலன். அந்த ஞாயிற்றுக்கிழமை சசிதர் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"முடியும் மாமா," என்றாள். வரைபடத்தைச் சுருட்டினாள். "ஆனா வெட்டமாட்டேன்."

சாயங்காலம் மறுபடி கூடிய கூட்டத்தில் போய்ச் சொல்லிவிட்டாள். "வூட்டு நம்பரு வரிசைப்படி வெச்சுக்குங்க. ஒண்ணுலருந்து பதினொண்ணு, பன்னண்டுலருந்து இருபத்திரண்டு. அப்படியே நேரா. இதுக்குக் கட்டிங் மாஸ்டர் வேண்டியதில்லை."

"அப்படிப் பண்ணா ஆரு ஜெயிப்பாங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

"எனக்கெப்படித் தெரியும்?" என்று சீறினாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அதுதான் பயம்.

கூட்டம் அதையே ஏற்றுக்கொண்டது. வேலன் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். அவளுடைய சேலையில் கோணல்மாணலாக மடிப்பு வைத்துத் தேய்த்து வைத்தான். அவளும் வீம்புக்கு அதையே கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் காலையில் அவன் வாய் திறந்தான்.

"நேரா வெட்டிப்போட்டே. இனி நான் ஊடு ஊடாப் போயி ஓட்டுக் கேக்கோணும்."

"போயிக் கேளுங்க."

"நம்ம ஜோன்ல முதல் ஊடே சசிதர் சாரு ஊடுதான்."

"அங்கிருந்தே ஆரம்பிங்க. அவரு சட்டை ரெடியாத்தானே இருக்குது?"

வேலன் முறைத்தான். அப்புறம் மூன்று சட்டையையும் மடங்காமல் கைமேல் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, ஒன்றாம் நம்பருக்கு நடந்தான். பொற்கொடி பஸ்ஸுக்கு நேரமாவதைக்கூட மறந்து வாசலில் நின்று பார்த்தாள். அவன் மணியை அழுத்தினான். கதவு திறந்தது. சட்டைகளைக் கொடுத்தான். கொடுத்துவிட்டுத் திரும்பாமல் அங்கேயே நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, என்னவோ கேட்டுக்கொண்டிருந்தான்.